விரித்துப் போட்ட மிருகம்

நம் கலை விமர்சனத்தில் சிற்பம் என்றால் கல். மீறிப்போனால் வெண்கலம். கல்லில் வேண்டாததைக் கழிக்கிறோம். வெண்கலத்துக்கு மெழுகைக் கூட்டி உருவம் பண்ணி, மெழுகு உருகிப்போன இடத்தில் உலோகத்தை விடுகிறோம். கழித்தல், கூட்டல் என்ற இரண்டு கணக்கோடு சிற்பத்தைப் பற்றிய நம் யோசனை முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. தட்டையாகக் கிடக்கிற ஒன்றை – தோலோ, தகடோ, அட்டையோ – வெட்டி, மடக்கி, கோத்து நிற்க வைப்பது. சென்ற நூற்றாண்டில் மேற்கின் நவீன சிற்பம் பெருமளவுக்கு இந்த வழியில்தான் வந்தது. அதைப் பற்றி நம்மவர்கள் போதிய மரியாதையுடன் எழுதியிருக்கிறார்கள். வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி போகிற அறுபது எழுபது கிலோமீட்டர் சாலையின் இரு பக்கத்திலும் இதே காரியத்தைத் தினமும் செய்துகொண்டிருப்பவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. செருப்பு வேறு, சிற்பம் வேறு என்று பதில் வரும். வேறுதான். எப்போதிலிருந்து வேறு, யார் வேறாக்கினார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் வங்கிக் குமாஸ்தா. ஏற்றுமதிக்கு முன்பணமாகக் கொடுக்கிற பேக்கிங் கிரெடிட்டுக்குச் சரக்குச் சரிபார்க்கப் போகும் அதிகாரிக்குத் துணையாக, நோட்டுப் புத்தகத்தோடு, இந்தப் பக்கத்துத் தோல் கிடங்குகளுக்குப் பலமுறை போயிருக்கிறேன். இங்கே ஜனங்கள் தோல் ஷாப்பு என்பார்கள். பதனிட்ட தோல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மேலே கிடக்கும் ஒரு தோலைத் தரையில் விரித்தால் அதற்கு நான்கு கால் இருக்கும், கழுத்து இருக்கும், நடுவில் முதுகுத்தண்டு ஓடிய இடம் கோடாகத் தெரியும். வயிற்றில் பிளந்து இரண்டு பக்கமும் விரித்துப் போட்ட மிருகம் அது. கன பரிமாணம் ஒன்றுதான் போயிருக்கிறது, மற்றதெல்லாம் இருக்கிறது. மூலையில் சதுர அடிக்கணக்கு எழுதியிருக்கும். முழு எண்ணுக்கு மேலே பொடியாக ஒரு எண், அது கால் அடிக் கணக்கு. வங்கிக்கு அந்த எண்தான் மாடு. எங்கள் லெட்ஜரில் ஏறியது அதுதான்.

மிருகத்தைத் தட்டையாக்குவது ஒரு தொழில், தட்டையானதை மறுபடி எழுப்புவது இன்னொரு தொழில். வெகுகாலம் இவை இரண்டும் ஒரே ஊரில் நடக்கவில்லை. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலை இந்தப் பக்கத்திலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். பெரியமேட்டு மண்டிகளிலிருந்து அது கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. ஈஸ்ட் இந்தியா லெதர் என்று அதற்குப் பெயர். கம்பெனி ஒழிந்து நூறு வருஷம் கழித்தும் அந்தப் பெயர் ஒழியவில்லை. தோல் வியாபாரத்தில் இன்னும் 'இ.ஐ.' என்றுதான் சொல்கிறார்கள். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்குச் சென்னை மாகாணத்துத் தோல் எவ்வளவு தேவைப்பட்டதென்றால், சர்க்காரே வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஆனால் வெட்டும் கத்தி இங்கே இல்லை. அது இங்கிலாந்தில், நார்த்தாம்டன் போன்ற ஊர்களில் இருந்தது. நாம் மிருகத்தை விரித்துக் கொடுத்தோம். அவர்கள் அதை எழுப்பி, பாதத்துக்கு உருவம் கொடுத்து, அந்த உருவத்துக்கு விலையும் போட்டுக்கொண்டார்கள்.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளிகளும் குதிரைகளும் தூணோடு தூணாகப் பாய்ந்து நிற்கின்றன. பதினாறாம் நூற்றாண்டு வேலை. அந்த மண்டபத்தை அப்படியே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் உத்தேசித்தார்கள், ஏற்றிப்போக வந்த கப்பல் முழுகிவிட்டது என்று ஒரு கதை. கல் மிருகம் போகவில்லை என்று ஊரில் எல்லோருக்கும் பெருமை. தோல் மிருகம் லட்சக்கணக்கில் போனதைப் பற்றிக் கதையொன்றும் இல்லை.

கத்தி இங்கே வந்தது 1970-களில். பச்சைத் தோலையும் அரைப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவிக்க வேண்டும் என்று சீதாராமையா கமிட்டி 1972-ல் சொன்னதையொட்டி மத்திய அரசு மறுவருஷத்திலிருந்து கெடுபிடி ஆரம்பித்தது. பதனிடுவதோடு நின்றிருந்த முதலாளிகள் வேறு வழியில்லாமல் ஷூவின் மேல்பாகம் செய்யும் கம்பெனிகளைத் திறந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லா இடத்திலும் கட்டிங் மேஜைகள் வந்தன. கிராமங்களிலிருந்து பெண்களைக் கம்பெனி பஸ்கள் ஏற்றிவர ஆரம்பித்தன. இந்தியத் தொழில் வரலாற்றில் இதை வர்த்தகக் கொள்கை என்ற தலைப்பில் போடுவார்கள். எனக்கு இது உருவ வரலாற்றில் சேர வேண்டிய சங்கதியாகப் படுகிறது. தட்டையை எழுப்பும் வித்தை ஒரு கோட்டாவின் வழியாக ஒரு பிரதேசத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த வித்தை என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஷூவுக்கு ஆதாரம் லாஸ்ட் என்கிற கட்டை. பாதத்தைப் போலிருக்கும், ஆனால் பாதமல்ல; பாதத்தைப் பற்றிய ஒரு கருத்து. பேட்டர்ன் செய்கிறவர் அதன் மேல் காகித டேப்பை ஒட்டி மூடுகிறார். டேப்பின் மேலேயே பென்சிலால் ஷூவை வரைகிறார். பிறகு டேப்பை உரித்தெடுத்துத் தட்டையாக ஒட்டுகிறார். உரிக்கிறார் என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். தோல் ஷாப்பில் தொடங்கிய காரியம் இங்கே இன்னொருமுறை நடக்கிறது. தட்டையாக ஒட்டும்போது அது ஒட்டாது. எங்காவது சுருங்கும், எங்காவது கிழியும். எங்கே சுருக்கத்தை மன்னிப்பது, எங்கே பிளந்து விடுவது என்று தீர்மானிப்பதுதான் பேட்டர்ன்காரரின் கலை. அந்த வடிவம் பிறகு கெட்டி அட்டையில் வெட்டப்படுகிறது. கையால் வெட்டிய காலத்தில் கத்தி அட்டையைத் தின்றுவிடாமலிருக்க ஓரத்துக்குப் பித்தளைப் பட்டி கட்டுவார்கள். ஆக, ஒவ்வொரு ஷூவும் முதலில் அட்டையில் பிறந்தது. அட்டைச் சிற்பம் என்று ஒன்றைத் தனியாக இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் ஆம்பூருக்கு இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு கணித உண்மை நிற்கிறது. உருண்டையான பரப்பை இழுக்காமல், சுருக்காமல், கிழிக்காமல் தட்டையாக்க முடியாது என்பது ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-ல் நிறுவியதிலிருந்து வருகிறது. உலகப் படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதித் தெரிவது இதனால்தான். தோல் இந்த விதியோடு சமாதானம் செய்துகொள்கிறது. அது இழுபடும்; ஈரமும் சூடும் பட்டால் கட்டையின் முனையில் வளைந்து படியும். அட்டை சமாதானத்துக்கு வராது. ஒரு திசையில்தான் வளையும். இரண்டு திசையில் வளைக்கப்போனால் கசங்கிவிடும்.

வேலூரில் ஒரு சிறிய லேசர் கட்டிங் கடையில் அட்டையால் ஒரு காளை செய்துகொண்டிருந்ததை நான் பார்த்தபோது இந்தப் பிடிவாதம்தான் முதலில் கண்ணில் பட்டது. கல்யாணப் பத்திரிகையின் பூ வேலையும் அக்ரிலிக் பெயர்ப் பலகையும்தான் அங்கே சோறு போடுகிற வேலை. கடைக்கார இளைஞர் முன்பு ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருந்தவர். ஷூ பெட்டி செய்கிற நெளியட்டையில், கொம்பும் திமிலும் வைத்த காளை, மேஜை மேல் வைக்கிற அளவு.

அட்டையில் மிருகம் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்றை எலும்பு வழி என்பேன். மிருகத்தை ரொட்டி மாதிரித் துண்டு துண்டாக அறுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வெளிக்கோடு கிடைக்கும். அந்தக் கோடுகளை அட்டையில் வெட்டி, முதுகு நெடுக ஓடும் பலகையில் விலாவைப்போல் குறுக்கே செருகுவது. குறுக்குத் துண்டில் பாதி ஆழத்துக்குக் கீழிருந்து ஒரு வெட்டு, முதுகுப் பலகையில் பாதி ஆழத்துக்கு மேலிருந்து ஒரு வெட்டு. இரண்டும் ஒன்றையொன்று கவ்வும். பசை வேண்டியதில்லை. கண் இடைவெளிகளைத் தானாக நிரப்பிக்கொண்டு காளையைப் பார்த்துவிடும். இன்னொன்று தோல் வழி. மிருகத்தின் மேற்பரப்பை முக்கோணமும் நாற்கோணமுமான பட்டைகளாக்கி, விரித்து, வெட்டி, மடித்து ஒட்டுவது. ட்யூரர் 1525-ல் அச்சிட்ட அளவியல் புத்தகத்திலேயே கனவடிவங்களை இப்படி விரித்துப் படம் போட்டிருக்கிறார். குழிவில்லாத எந்தப் பல்முக வடிவத்தையும் அதன் விளிம்புகள் வழியே மட்டும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒரே துண்டாக விரிக்க முடியுமா என்ற கேள்வியை 1975-ல் ஷெப்பர்ட் என்ற கணிதக்காரர் தெளிவாக எழுதி வைத்தார். அதற்கு இன்றுவரை விடையில்லை. ஆட்டைக் கொன்று உரிக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு அனுபவ ரீதியில் ஒரு விடை வைத்திருக்கிறார்கள் என்று கணிதக்காரர்களுக்குச் சொல்லலாம். (ஆடு குழிவில்லாத வடிவமல்ல என்று அவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.)

இளைஞர் முதலில் எலும்பு வழியில் போனார். கம்ப்யூட்டரில் காளையைக் கொடுத்தால் தானே துண்டு போட்டுக் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. துண்டு போட்டது. காளை நின்றது. ஆனால் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மாடு மாதிரிதான் சார் இருக்கு. ஆனா மாடு செத்து ரொம்ப நாளான மாதிரி இருக்கு," என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் என் கவனத்துக்குரியது. முதுகிலிருந்து வயிறுவரை எலும்பை வைத்துக்கொண்டு, முகத்தையும் கழுத்தையும் மட்டும் தோல் வழிக்கு மாற்றினார். களிமண்ணில் ஒரு தலை பிடித்து, அதன்மேல் காகித டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, உரித்தார். ஷூ கம்பெனியில் கற்றது. கழுத்தின் அலைதாடியை அப்படித்தான் பிடித்தார். அதை இரண்டே துண்டில் முடித்துவிட்டார். ஒரு மடிப்பு, ஒரு பிளவு. பிளவை எங்கே வைப்பது என்பதில் மென்பொருளுக்கு அபிப்பிராயம் இல்லை, அவருக்கு இருந்தது. அலைதாடி ஆடுகிற திசையில் வைத்தார்.

நெளியட்டைக்கும் தோலைப்போல் திசை உண்டு என்பதையும் அவர்தான் காட்டினார். இரண்டு தாளுக்கு நடுவில் ஓடும் நெளிவுகள் நிற்கிற திசையில் பாரம் தாங்கும், குறுக்கே தாங்காது. அதனால் கால் துண்டுகளில் நெளிவு செங்குத்தாக வரும்படி தாளின் மேல் துண்டுகளை அடுக்க வேண்டும். தோலில் முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு. ஷூவின் முன்பாகத்தை முதுகிலிருந்தும், வெளியே தெரியாத நாக்கை வயிற்றிலிருந்தும் வெட்டுவார்கள். இரண்டிலும் துண்டுகளை நெருக்கி அடுக்கி விரயத்தைக் குறைக்கிறவன்தான் நல்ல வெட்டுக்காரன். கம்பெனியில் கொள்ளையும் லாபமும் அங்கேதான்.

லேசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் லேசரை 1960-ல் மைமன் ரூபிக் கல்லில் எரியவிட்டார். அட்டையையும் தோலையும் வெட்டுகிற கரியமில வாயு லேசரை 1964-ல் அமெரிக்காவில் பெல் சோதனைச்சாலையில் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்துவிட்டுப் போனவர். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். உயிரிலிருந்து வந்த பொருள் எல்லாம், மரம், காகிதம், பருத்தி, தோல், அதை அப்படியே விழுங்கி ஆவியாகும். வெட்டுகிறது என்பது உபசாரம். எரிக்கிறது. மயிரிழை அகலத்துக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அட்டை இல்லாமல் போகிறது. மூன்று மில்லிமீட்டர் அட்டையைச் செருக மூன்று மில்லிமீட்டர் பிளவு வரைந்தால் அது மூன்று புள்ளி இரண்டாக வந்து, காளை ஆட்டம் கொடுக்கும். ஆகவே 2.8 வரைய வேண்டும். இல்லாமல் போகப்போவதையும் கணக்கில் சேர்த்து வரைவது. இந்த ஒரு விஷயத்தில் அது கத்தியிலிருந்து வேறுபடுகிறது. கத்தி பிரிக்கிறது, எதையும் இல்லாமலாக்குவதில்லை.

வெட்டின ஓரம் பழுப்பாகத் தீய்ந்திருக்கும். தோலானால் தலைமயிர் கருகுகிற நாற்றம் எழும்; குரோமில் பதனிட்ட தோலின் புகை மூச்சுக்கு ஆகாது. அட்டைக்கு நல்ல காலம், விறகடுப்பு வாசனைதான்.

அட்டையின் சொந்த வரலாறு நீளமானதல்ல. நெளியட்டைக்கு இங்கிலாந்தில் 1856-ல் வாங்கிய காப்புரிமை தொப்பிக்குள் வைக்கும் பட்டைக்கானது. 1871-ல் அமெரிக்காவில் ஜோன்ஸ் என்பவர் அதைக் கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி அனுப்பப் பயன்படுத்தினார். புரூக்ளினில் காகிதப்பை அச்சிட்டுக்கொண்டிருந்த ராபர்ட் கேர், 1879-ல், தாளை மடிக்க மட்டும் கோடு போட வேண்டிய உலோகப் பட்டி ஒன்று ஏறிப்போய்த் தாளை வெட்டியே விட்டதைப் பார்த்து, ஒரே அழுத்தத்தில் மடிப்புக்கோடும் போட்டு வெட்டவும் வெட்டலாம் என்று கண்டுகொண்டார். இன்றைய அட்டைப் பெட்டி முழுக்க அந்தத் தவறிலிருந்து வந்தது. ஆம்பூரில் தோலின் மேல் இறங்குகிற டையும் இதே ஜாதிதான்.

பாரிஸில் 1912-ன் கடைசியில் பிக்காஸோ அட்டையையும் நூலையும் கொண்டு ஒரு கித்தார் செய்தார். செதுக்கவில்லை, வார்க்கவில்லை, வெட்டி ஒட்டினார். 1914-ல் அதையே இரும்புத் தகட்டில் செய்தார். நவீன சிற்பத்தின் வரலாற்றை இங்கிருந்து ஆரம்பிப்பவர்கள் பலர். வயதான காலத்தில், 1961-ல், காகிதத்தை வெட்டி மடித்து உருவங்கள் செய்து, அவற்றைப் பட்டறையில் தகட்டில் பண்ணச் சொன்னார். பேட்டர்ன்காரர் செய்வதும் அதுதானே. இவற்றையெல்லாம்விட எனக்கு நெருக்கமானது 1942-ல் அவர் செய்த காளைத்தலை. ஒரு பழைய சைக்கிளின் தோல் ஸீட்டு, அதன்மேல் ஹாண்டில்பார். முகமும் கொம்பும். எளிமையைப் பாராட்டுகிறார்கள், ஹாஸ்யத்தைப் பாராட்டுகிறார்கள். ஸீட்டு தோல் என்பதை, அதாவது விரித்துப் போட்ட மிருகம் ஒன்று ஸீட்டாகிப் பிறகு மறுபடி மிருகமாகத் திரும்பி வந்திருக்கிறது என்பதை, யாரும் அழுத்திச் சொல்லக் காணோம். ஆம்பூர்க்காரனுக்கு முதலில் தெரிவது அது.

இப்போது சென்னைக்கு வருகிறேன். 1850-ல் டாக்டர் ஹண்டர் ஆரம்பித்த கலைப்பள்ளி பிறகு சர்க்கார் பள்ளியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதன் பொறுப்பு ஆல்ஃப்ரட் சாட்டர்டன் என்ற இஞ்சினியரிடம் வந்தது. அவருக்கு ஓவியத்தில் அக்கறை கிடையாது. பள்ளியில் அலுமினியப் பாத்திரப் பட்டறை வைத்தார். 1903 வாக்கில் குரோம் பதனிடும் சோதனைகளை ஆரம்பித்தார். குரோம் உப்பில் பதனிடலாம் என்று ஜெர்மனியில் க்னாப் 1858-ல் காட்டியதை அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் 1884-லும் டென்னிஸ் 1893-லும் தொழிலுக்கு ஏற்றதாக்கியிருந்தார்கள். ஆவாரம் பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகிற வேலை குரோமுக்கு ஒரு நாளில் முடிந்தது. கிணற்றில் கவலை இறைக்கிற தோல் பைக்கு உதவும் என்பது சாட்டர்டனின் எண்ணம். பிற்பாடு குரோம்பேட்டை என்று ஒரு ஊரே பெயர் பெற்றது. நீலத்தோல் பாலாற்றுக்கரை முழுக்க நிறைந்ததும், நதி கெட்டதும், 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அசுத்தம் செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்ததும், அதே நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் இழப்பீடு பற்றியே உத்தரவிட வேண்டியிருந்ததும் இந்தக் கதையின் தொடர்ச்சி. தொடக்கம் ஒரு கலைப்பள்ளியில் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

சாட்டர்டனுக்கு முன்னால் பள்ளியை நடத்திய ஹாவெல் கைவினைகளுக்காக வாதாடியவர். 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்தபின் பள்ளி, சித்திரமும் சிற்பமும் கற்பிக்கிற இடமாகத் தன்னை அறிந்துகொண்டது. பட்டறைகள் பின்கட்டுக்குப் போயின. 1957-ல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் அவற்றைப் பார்த்துத் திரும்பினார் என்பது அவருடைய பெருமை. அங்கே படித்த பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து, கம்பியைப் பற்றவைத்து, நேர்முகமாக நிற்கும் உருவங்களைச் செய்தார். பின்பக்கம் பொருட்டல்ல, தகடு தகடாகவே இருந்துகொண்டு முன்னே புடைக்கிறது. பித்தளைக் கவசம் செய்து கோயில் மூர்த்திகளுக்குச் சாத்துகிற கன்னான் வேலையிலிருந்து இது வந்தது என்று விமர்சகர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். 1966-ல் சோழமண்டலம் கிராமம் உண்டானபோது ஓவியர்களும் சிற்பிகளும் பாட்டிக் முதலான கைவினைகளை விற்றுத்தான் சோறு தின்றார்கள். அங்கே கைவினை கலையைப் போஷித்தது. ஆனாலும் கண்ணுக்கு ஒரு வரம்பு இருந்தது. கோயிலைத் தொட்ட உலோகம் உள்ளே வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்பு அதே பள்ளியில் வேலை நடந்த தோல் வரவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். செம்பில் தீட்டில்லை, தோலில் உண்டு. தோல் வியாபாரம் முஸ்லிம் வணிகர்கள் கையிலும், தோல் வேலை பெரும்பாலும் தலித் மக்கள் கையிலும் இருந்த பிரதேசம் இது. நம்முடைய அழகியல் தூய்மையான அழகியல் என்று பேசும்போது, அந்தத் தூய்மை எந்த அகராதியிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. மிருதங்கத்தில் மாட்டுத்தோல் ஏறியவுடன் சங்கீதமாகிவிடுகிறது. கட்டிக் கொடுத்தவன் பெயர் கச்சேரி அழைப்பிதழில் வருவதில்லை.

தோலில் மிருகம் வெட்டின மரபு நம்மிடம் இல்லாமலில்லை. தோல்பாவைக் கூத்து இருக்கிறது. மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்ததாகச் சொல்லப்படும் மண்டிகர் குடும்பங்கள் தெற்கே குமரி, நெல்லை, மதுரைப் பக்கங்களில் நடத்தி வந்தார்கள். வேலூருக்கு வடக்கே எல்லை தாண்டினால் ஆந்திரத்தில் அதுவே தோலு பொம்மலாட்டம். ஆட்டுத்தோலை மயிர் நீக்கி, வழித்து, இழுத்துக் காயவைத்தால், பதனிடாததால், விளக்கொளி ஊடுருவும் கண்ணாடி மாதிரி ஆகும். அதில் மாரீசனான மானும் அனுமனும் ஜடாயுவும் வெட்டப்பட்டு, சிறு உளிகளால் நூற்றுக்கணக்கில் துளையிடப்படுகின்றன. ஆந்திரத்தில் ஒரு காலத்தில் தெய்வங்களுக்கு மான்தோல், மற்றவர்களுக்கு ஆட்டுத்தோல் என்ற பேதம் இருந்தது. 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தெய்வங்களும் ஆட்டுத்தோலுக்கு இறங்கி வந்துவிட்டார்கள். மானைக் கொன்ற தோலில் மானை வெட்டி, அது மாய மான் என்று காட்டுவதில் இருக்கிற ஆழத்தை எந்த நவீன சிற்பியும் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. பாவை எழுந்து நிற்பதில்லை. திரையோடு ஒட்டித் தட்டையாகவே இருந்துகொண்டு விளக்கை வைத்து உயிர் பெறுகிறது. அதுவும் இந்த மூன்றாவது வழியின் ஒரு கிளை.

இன்று பெரிய ஷூ கம்பெனிகள் சிலவற்றில் பேட்டர்ன் கம்ப்யூட்டரில் வரையப்படுகிறது; தோலில் உள்ள கொசுக்கடி, முள் கீறல், சூட்டுத்தழும்பு ஆகியவற்றைச் சுற்றி ஆள் கோடு போட்டுக் காட்டினால், மெஷின் அவற்றை விலக்கித் துண்டுகளை அடுக்கி வெட்டிவிடுகிறது. கைவேலை அழிகிறதே என்று அழுகிற கட்டுரை அல்ல இது. மெஷினால் அறிவு எங்கே போகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். வெட்டுக்காரர் தோலை விரல் நுனியால் இழுத்துப் பார்த்து, இந்த மாடு எந்தப் பக்கம் படுத்தது என்கிற அளவுக்குச் சொல்வார். அந்த அறிவில் கோடு போடுகிற அளவு மட்டும் மெஷினுக்குத் தேவை, மிச்சம் தேவையில்லை. தேவையில்லாத மிச்சத்தில் ஒரு பகுதி வேலூர்க் கடையில் காளையின் அலைதாடியாக வந்திருக்கிறது. இதைக் கலை என்பதா என்று என்னைக் கேட்டால், அந்த இரண்டு துண்டு அலைதாடியைக் கலை என்பேன். கொம்பு சுமார்தான். வால் மோசம்; பட்டையை நறுக்கி ஒட்டியிருந்தார்.

அவர் இன்னொரு மெஷினுக்குக் கடன் கேட்டு வங்கிப் பாரம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். என் கிளைக்கு அல்ல, நிரப்பித் தரச் சொல்லி. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பது பிரச்னை. 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் பதினெட்டுத் தொழில்கள். சிற்பி ஒரு வரி, செருப்புத் தைப்பவர் ஒரு வரி, பொம்மை செய்பவர் ஒரு வரி. தமிழ்நாடு அதை ஏற்காமல் 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தானாக ஒன்று கொண்டுவந்தது. அதில் தொழில்கள் இன்னும் அதிகம்.

"சிற்பின்னு போட்டா சிரிப்பாங்க சார். பொம்மைன்னு போட்டா மெஷின் எதுக்குன்னு கேப்பாங்க," என்றார்.

"பின்னே என்ன போடலாம், தம்பி?"

கொஞ்சம் யோசித்து, பேட்டர்ன் கட்டிங் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அடுத்த கட்டத்தில் உற்பத்தியா சேவையா என்று இருந்தது. உற்பத்தி என்பதற்கு டிக் போட்டோம்.